திரும்பி நீந்தும் மீன்

அன்று வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் ஸ்காபரோ நூலகத்துக்குப் போனேன். ஜோர்தானில் ஒரு பழைய தேவாலயத்தின் தரையில் சிறு கற்களால் பதித்த வரைபடத்தை, பெரிய படமாக அங்கே நிலத்தில் விரித்திருந்தார்கள். அந்தப் பகுதிக்கு எஞ்சியிருக்கும் மிகப் பழைய வரைபடமாம். கோயில் நிலம்தானே என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். அதைப் பார்த்து, முன்பின் தெரியாத அன்ரி ஒருவரும் சிரித்தபடி கழற்றிவிட்டு வந்து, படத்தில் ஆற்றுக்குள் இருந்த ஒரு மீனைக் காட்டினார்.

"உந்த மீனைப் பாருங்கோ தம்பி. சாக்கடலுக்குள்ள ஒண்டும் உயிர் வாழாது. அதுதான் ஆத்து வாயிலயே திரும்பி வருது. வாங்கோவன், ஒரு தேத்தண்ணி குடிப்பம்."

"இல்லை அன்ரி, வீட்டில பாத்துக்கொண்டிருப்பினம்" என்று பொய் சொன்னேன்.

பஸ் தரிப்பிடத்தில் நின்று போனைப் பார்த்தேன். அது வீட்டுக்கு வழி காட்டியது. அங்கே ஒருவரும் இல்லை என்பதைக் காட்டவில்லை.

பஸ் வந்தது. நான் ஏறாமல் நூலகத்துக்குத் திரும்பி நடந்தேன்.