அரைப்பேரும் முழுப்பேரும்

பிள்ளைக்காம்பரா வேலையில் பிள்ளைகள் அழும்போது பயமில்லை. ஒரு பிள்ளை அழாமலே இருந்தால்தான் பயம். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடத்தை எங்கள் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வோம். இப்போது வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை போட்டிருக்கிறார்கள். பலகை மாறினாலும் மூக்கு ஒழுகுவது மாறவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முந்தானை ஈரமாகவே வீட்டுக்குப் போகிறவர்கள்தானே நாம்.

படிக்கட்டு

போன வருசம் எங்களைப் போன்ற ஆயம்மாக்களுக்கு ஹட்டனில் சனிக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். என் பிள்ளைகள் வளர்ந்து கொழும்புக்கும் கண்டிக்கும் போன பிறகு, நான் புத்தகப் பையோடு பஸ் ஏறினேன். மனிதர் எப்படி வளர்கிறார்கள் என்று அறிஞர்கள் சொன்னதைப் படிப்பிக்க வந்த மெடம், கரும்பலகையில் ஒரு படிக்கட்டு கீறினார். கைக்குழந்தைக்கு ஒரு படி. இந்த உலகத்தை நம்பலாமா என்று அது அங்கே பார்க்கிறது. நடக்கிற பிள்ளைக்கு ஒரு படி. பள்ளிக்கூடம் போகும் வயதில் 'என்னால் முடியும்' என்ற எண்ணம் ஊன்ற வேண்டும். ஊன்றாவிட்டால் 'நான் மற்றவர்களைவிடக் குறைவு' என்ற எண்ணம் அந்த இடத்தில் குந்திக்கொள்ளும்.

அவரவர் பள்ளிக்கூட அனுபவத்தை எழுதி இந்தப் படிகளோடு பொருத்திக் காட்டுங்கள், அதுதான் ஒப்படை என்றார். பக்கத்தில் இருந்த கொட்டகலைப் பக்கத்து ஆயம்மா புஷ்பம் என் காதில் சொன்னாள்: "அக்கா, நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ. பாதிப் படியிலயே எறக்கி விட்டுட்டு, இப்ப வந்து ஏறச் சொல்றாங்க."

யாழ்ப்பாணத்து சேர்

எங்கள் ஆட்களிடம் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். பின்னேரம் அம்மா லயத்து வீட்டுக்கு வந்து கூடையை இறக்கும் விதத்திலேயே அன்றைக்கு எது விழுந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் வகுப்பில், யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்திருந்த சேர் பத்துக் கணக்குக் கொடுத்தார். நான் ஐந்து செய்வதற்குள் மணி அடித்துவிட்டது. கொப்பியை நீட்டிக்கொண்டே, "சேர், எனக்கு அரைப்பேருங்களா?" என்று கேட்டேன். அவருக்கு அந்தச் சொல் தெரியாது. பாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் பெயரைப் பரமேஸ்வரி என்று கரும்பலகையில் எழுதி, பின்பாதியை அழித்தார். நல்ல மனிதர், சிரிக்க வைக்கத்தான் செய்தார். வகுப்பும் சிரித்தது, ஆனால் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் மற்ற அர்த்தமும் தெரியும். அன்றையிலிருந்து அரைப்பேர்தான் என் பட்டப்பேர்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது எனக்குத் துக்கமே வரவில்லை. பாதியில் நிற்பதுதான் நமக்குச் சரி என்றிருந்தது. மெடத்தின் படிக்கட்டில் 'நான் குறைவு' என்ற அந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் அழுதேன். சேர் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது: "அரைப்பேரோ? சரி பிள்ளை, இண்டையில இருந்து நீ பரமே எண்டு இரு."

பெட்டியில் போன பேச்சு

நான் ஒப்படை எழுதத் தொடங்கிய நாட்களில் என் காம்பராவில் தர்ஷினி என்று ஐந்து வயது நெருங்குகிற பிள்ளை இருந்தாள். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை, அழவும் இல்லை. அத்தைதான் காலையில் கொண்டுவந்து விடுவாள். காதில் குறையில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஊமை என்று கேலி செய்வார்கள், வீட்டிலேயே இருக்கட்டும் என்றாள் அத்தை. அப்படி வீட்டில் நின்ற பிள்ளைகள் பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகாமல் போனது நமக்குத் தெரியாததா?

தினமும் தொட்டில் கட்டுமுன் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றி, அந்தப் பிள்ளைக்காகத்தான் கும்பிட்டேன். ஒரு சொல்லு குடு ஆத்தா, ஒரே ஒரு சொல்லு. வாசலில் நின்று பார்த்த அத்தை சொன்னாள்: "சாமி என்னாங்க செய்யும்? அவ பேச்ச அவங்கம்மா பெட்டியில வச்சுக் கொண்டு போயிட்டா."

பெரட்டு விளையாட்டு

மழையில் பிள்ளைகளை வெளியே விட முடியாத ஒரு நாள், பெரியவர்கள் பெரட்டு விளையாடினார்கள். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற அந்தப் பெரட்டைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள். மகேசு என்ற பயல்தான் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா. இடுப்பில் ஒரு கை, மற்றக் கையில் குடைக்கம்பு. மற்றவர்கள் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, பனிஸ் வந்த பைகளில் கடதாசித் துண்டுகளைக் கொழுந்தாக நிரப்பி வந்தார்கள்.

"இது என்னா, முத்தலு எலையா? ஏய், கங்காணி எங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தவன் தர்ஷினி முன்னால் நின்றான். அவள் பை பாதிதான் நிரம்பியிருந்தது. "ஒனக்கு அரைப்பேருதான். போ, போ" என்றான். நான் பால் கலக்கிக்கொண்டிருந்தேன். என் மூன்றாம் வகுப்பே எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. அவனை அதட்ட எழும்பினேன். அதற்குள் தர்ஷினி பையைத் தரையில் குத்தினாள். வறண்டுகிடந்த பீலிக் குழாயில் தண்ணீர் வருமுன் ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரு குரல்: "முழுப்பேரு போடு!"

பெரிய சேர்

பிறகு அவள் மறுபடியும் மௌனம். அவள் பேசினாள் என்று அத்தை நம்பவே இல்லை. கெஞ்சித்தான் அவளையும் பிள்ளையையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அதிபரை நாங்கள் பெரிய சேர் என்போம். லயத்தில் பிறந்து வளர்ந்தவர். "பேரு என்னா, பாப்பா?" என்றார். பதில் இல்லை. அம்மா பேரைக் கேட்டார். அதற்கும் இல்லை. "ஆயம்மா, இன்னும் ஒரு வருசம் பாப்போமே" என்றார். அத்தை எழும்பிவிட்டாள்.

நான் மேசைக்குக் கிட்டப் போனேன். "சேர், பேரு கேட்டா வராதுங்க. பெரட்டுல போடுற மாதிரி, பேரு போட்டுக் கேளுங்க" என்றேன். அவர் பேனையைக் காதில் சொருகிக்கொண்டு, கண்டாக்கு மாதிரியே குரலை உயர்த்தினார். "என்னாம்மா, ஒனக்கு அரைப்பேரு போடவா?"

தர்ஷினி அத்தையின் சேலையை விட்டாள். "முழுப்பேரு" என்றாள். பிறகு யாரும் கேட்காமலே, "தர்ஷினி" என்றாள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரிய சேர் காதிலிருந்த பேனையை எடுத்து எழுதிக்கொண்டே சொன்னார்: "விழுந்திருச்சு, பாப்பா. முழுப்பேரு விழுந்திருச்சு."

இதையெல்லாம் ஒப்படையில் எழுதிக் கொடுத்தேன். அனுபவம் நன்று, கோட்பாடு போதாது என்று மெடம் பாதிப் புள்ளி போட்டுத் தந்தார், அரைப்பேர் எனக்குப் பழகினதுதானே.