சைபரில் நிற்காத ஸ்கோப்

கண்ணாடி வைத்த எந்தச் சாமான் என் மேசைக்கு வந்தாலும், திறந்து பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவேன்: "கீழ கீழ போட்டீங்களா?" ரிப்பேர்க்காரனுக்கு அது கேள்வியே அல்ல, ஒரு காப்பு. நாளைக்குச் சரியாக வராவிட்டால் பழியைப் போட ஓர் இடம் வேண்டுமே. அந்த ஒரு கேள்வியால் ஒரு மனிதரின் பதினான்கு வருட வேலை அந்தரத்தில் தொங்கியது. இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில், சர்வே கருவிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். திரும்பிய பக்கமெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததால் சைட்டுகளிலிருந்து மட்டம் பார்க்கும் லெவல் கருவிகளும் கோணம் அளக்கும் தியோடலைட்டுகளும் வந்து குவியும். கடை லைசென்ஸ் ஓர் அரபியின் பெயரில் இருந்தது. முதலாளி என்ற அர்த்தத்தில் அர்பாப் என்போம். எங்கள் விசாவெல்லாம் அவர் கையில்தான், ஆனால் கடைக்கு அவர் வருவது ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்.

பதினான்கு வருடமாக அவருடைய டிரைவராக இருந்தவர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர். நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அரபி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ யல்லா, கலாஸ், மாஃபியைத் தாண்டினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அர்பாபுக்கும் எனக்கும் நடுவில் பாய்தான் வாய்.

ஒரு நாள் அவர் பஞ்சு வைத்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே துப்பாக்கியில் மாட்டும் ஸ்கோப்.

"அர்பாப் யார்கிட்டயோ பழசா வாங்கிட்டாக தம்பி. உள்ள மங்கலா இருக்காம். தொடச்சு, சிஃபர் பண்ணிக் குடுக்கச் சொன்னாக."

"சிஃபர்னா?"

"நம்ம சைபர்தான்."

துப்பாக்கியை வெளியே கொண்டு வரக் கூடாது என்பதால் ஸ்கோப் மட்டும் வந்திருந்தது. கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் போய் உட்காரும் கொக்கி அதற்கு உண்டாம். மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு. ஒன்று குண்டு விழும் இடத்தை மேலும் கீழும் நகர்த்தும், மற்றது இடமும் வலமும் நகர்த்தும். இரண்டைச் சுற்றியும் சைபரில் தொடங்கி எண்கள். திருப்பினால் டிக் டிக்கென்று சத்தம் வரும். திருகுகளுக்கு இருந்திருக்க வேண்டிய மூடிகளைப் பழைய சொந்தக்காரர் தொலைத்திருந்தார்.

லெவல் கருவியைச் சோதிக்கும் குழாயின் முன்னால் அதை வைத்துப் பார்த்தேன். பத்து டிக் திருப்பினால் உள்ளே இருக்கும் சிலுவைக்கோடு பத்து டிக் நகர்ந்தது. திரும்பி வந்தால் அதே இடத்தில் வந்து நின்றது. குறையே இல்லை. கண்ணாடியைத் துடைத்து, இரண்டு திருகையும் சைபரில் நிறுத்தி அனுப்பினேன். வேலை முடிந்த கருவியைச் சைபரில் நிறுத்திக் கொடுப்பது எங்கள் ஒர்க்‌ஷாப் மரியாதை. அவரும் அதைத்தானே கேட்டிருந்தார்!

பத்து நாளில் பெட்டி திரும்பி வந்தது.

"ஒங்கிட்ட இருந்து வந்ததும் குண்டு ஓரமா போச்சாம் தம்பி. சுடுற ரேஞ்சுல திருகித் திருகி நடுவுக்குக் கொண்டாந்துட்டாக. ஏன் நகந்துச்சுன்னு உள்ள பாக்கச் சொன்னாக."

பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி சைபரில் நிறுத்தி அனுப்பினேன்.

மூன்றாவது தடவை அர்பாபே வந்தார். சத்தம் போடவில்லை. மெதுவாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. மறுபடியும் ஓரமாகப் போனதாம், மறுபடியும் அவரே நடுவுக்குக் கொண்டுவந்தாராம்.

"ரெண்டு வாட்டி பழுதில்லன்னு சொல்லிட்ட. அப்பறம் ஏன் நகருதுன்னு கேக்குறாக," என்றார் பாய்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கயாச்சும் கீழ விழுந்துச்சான்னு கேளுங்க பாய்."

பாய் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பெட்டி போவதும் வருவதும் அவர் வண்டியில்தான், அவர் கையில்தான். வார்த்தை வாயை விட்ட பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அவர் வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் கேட்டதை அப்படியே அரபியில் சொன்னார். அர்பாப் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"தாஹ்?"

விழுந்ததா என்று கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

"லா, வல்லா," என்றார் பாய். அல்லா மேல் ஆணை, இல்லை.

அர்பாப் நாலைந்து வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போனார். அதில் ஒன்று 'கான்சல்'. வளைகுடாவில் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

"வெள்ளிக்கிழமை ஒன்னையும் கூட்டிக்கிட்டு ரேஞ்சுக்குப் போவணுமாம். அன்னைக்கும் ஓரமா போனா எனக்கு விசா கான்சல்," என்றார் பாய். பெட்டி மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "நான் போடல தம்பி. மூத்தவ நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்கிறா."

"கவலப்படாதீங்க பாய், நான் பாத்துத் தரேன்," என்றேன். வியாழக்கிழமை முழுக்க வேறு வேலை தொடவில்லை. ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தேன். கடைசியில், முன்னைவிட நுணுக்கமாக, பூதக்கண்ணாடி வைத்து இரண்டு திருகையும் சைபரில் நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை, மணல்மேட்டை அணையாக வைத்து வேலி போட்ட ரேஞ்சில் நாங்கள் மூன்று பேரும். ஜும்மா தொழுகைக்குள் முடிக்க வேண்டும் என்று அர்பாப் அவசரத்தில் இருந்தார். படுத்துக்கொண்டு மூன்று முறை சுட்டார். துப்பாக்கிச் சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் கேட்டேன். தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னார்கள். இலக்குக் காகிதத்தில் மூன்று ஓட்டையும் ஒரு திர்ஹம் காசுக்குள் அடங்கும். ஆனால் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி, இடது பக்கம் கீழே.

பாய் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அர்பாப் திருகைப் பிடித்தார். வாஹித், இத்னேன், தலாதா என்று எண்ணித் திருப்பினார். மறுபடி சுட்டார். நட்டநடுவில் போய் விழுந்தது. எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் பேசினார். தனக்கு எதிரான பேச்சைத் தானே எனக்குத் தமிழில் சொன்னார் பாய்:

"இங்க நல்லாத்தான் நிக்கிது. ஒங்கிட்ட போயிட்டு வந்தாத்தான் கெட்டுப்போவுது. நடுவுல இருக்குறது யாருன்னு கேக்குறாக."

நான் ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருகு இப்போது சைபரில் இல்லை. எங்கேயோ ஓர் எண்ணில் நின்றது. அந்தத் துப்பாக்கிக்குச் சரியான இடம் அதுதான். நல்ல ஸ்கோப்பாக இருந்தால் எண்கள் உள்ள தட்டை மட்டும் தளர்த்தி, அந்த இடத்தையே சைபராக வைத்துக்கொள்ளலாம். இதில் தட்டு துருவேறி இறுகிப் போயிருந்தது. குண்டு நடுவில் விழ வேண்டும் என்பதைத்தான் அர்பாப் சிஃபர் என்றிருக்கிறார். நானோ அவர் பாடுபட்டுக் கொண்டுவந்து நிறுத்திய இடத்தை ஒவ்வொரு தடவையும் கலைத்து, எண்ணைச் சைபருக்குக் கொண்டுவந்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சும்மா இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. சொன்னால் கான்சல் என் பக்கம் திரும்பும். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பாய் மணலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"பாய், தப்பு என்னோடது. ஒவ்வொரு தடவையும் நாந்தான் சைபருக்குத் திருப்பி வச்சேன். சைபர்னா அதுதான்னு நெனச்சேன். அவர்கிட்ட சொல்லுங்க."

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமா, ஆச்சரியமா என்று தெரியவில்லை. பிறகு அர்பாப் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். நான் 'சிஃபர்' என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அது வரவில்லை. 'ஸந்தூக்' என்ற சொல்தான் இரண்டு தடவை வந்தது. பெட்டி. பாய் பெட்டியைத் திறந்து, ஸ்கோப்பைக் கழற்றி உள்ளே வைத்தார். பெட்டியின் மூடியை அழுத்தி, மூடி இல்லாத திருகைப் பஞ்சு எப்படி உரசித் திருப்பும் என்று காட்டினார். அர்பாப் குனிந்து பார்த்தார், தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"கலாஸ்," என்றார், விஷயம் முடிந்தது என்கிற மாதிரி. பெட்டியை மாற்றச் சொல்லிவிட்டுத் தன் வண்டிக்கு நடந்தார்.

திரும்பி வரும்போது பாய் வண்டி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்; ஷார்ஜா எல்லை வந்துவிட்டது. என்னால் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "நான் சொன்னத ஏன் பாய் சொல்லல?"

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அன்னைக்கு நீ கேட்டத அப்படியே சொன்னேன் தம்பி. என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல."