போட் ரீச்சர்

நெடுந்தீவில்தான் எனக்கு முதல் நியமனம். வேலணையிலிருந்து விடியப் பஸ் ஏறி, குறிகட்டுவானில் போட் பிடித்துப் போவேன். தரம் ஒன்பதுக்குக் கணிதம், அதுவும் கடைசிப் பாடம். கைப்பையைக் கதிரையில் மாட்டிவிட்டுத்தான் கற்பிக்கத் தொடங்குவேன். மணி அடித்ததும் தூக்கிக்கொண்டு கடைசிப் போட்டைப் பிடிக்க இறங்குதுறைக்கு ஓட வேண்டும் அல்லவா?

முதல் நாளே பின்வரிசை வாங்கிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரீச்சர், போட் வெளிக்கிடுது!"

யன்னலடிக்கு ஓடினேன். இறங்குதுறையில் போட் கட்டியபடியே நின்றது. வகுப்பு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தது. கத்தியவள் ஜெனிற்றா, கடற்றொழில் செய்பவர் ஒருவரின் மகள்.

பிறகு அது தினசரிக் கூத்தாகிவிட்டது. ஏசிப் பார்த்தேன், எழுப்பி நிறுத்தினேன், முன்வாங்கிலுக்கு மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை. 'போட் ரீச்சர்' என்ற பட்டம்தான் மிச்சம்.

"நீர் கொஞ்சம் இறுக்கமா நில்லும் பிள்ளை. இல்லாட்டி தலையில ஏறி இருந்திடுவினம்" என்றார் அதிபர். எப்படி இறுக்கமாக நிற்பது என்று அவர் சொல்லவில்லை. வேலையையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் ஜெனிற்றாவைத் தனியே கூப்பிட்டேன். "ஏன் பிள்ளை பாடத்தைக் குழப்புறீர்?"

"படிச்சு என்ன ரீச்சர்? நீங்களும் போவியள்தானே. முதல் வந்த சேர் பின்னம் தொடங்கினார், இடமாற்றம் எடுத்துக்கொண்டு போயிட்டார். பிறகு வந்த ரீச்சரும் பின்னம்தான் தொடங்கினவ. நீங்களும் பின்னம். நாங்கள் எத்தினை தரம் பின்னத்தையே படிக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. இந்தப் பிள்ளைகள் என் பாடத்தைப் பார்க்கவில்லை, கதிரையில் தொங்கிய பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிறதென்றால் ஒழுங்காக இருப்பது என்று அன்றே முடிவெடுத்தேன்.

அடுத்த கிழமை சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தது. "இண்டைக்கு நேரத்தோட வெளிக்கிடுவம் ரீச்சர்" என்று போட்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார். மற்ற ஆசிரியர்கள் அதிபரிடம் கேட்டுக்கொண்டு முன்னதாகவே இறங்கினார்கள். நான் பையை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய், பின்னத்தை விட்டுச் சமன்பாடு தொடங்கினேன்.

"ரீச்சர், போட்!"

நான் திரும்பவில்லை.

"மாதாவாணை ரீச்சர், உண்மையாத்தான் போகுது! ஓடுங்கோ!" ஜெனிற்றா எழும்பியே நின்றுவிட்டாள்.

"தெரியும். போகட்டும். நீர் வந்து அடுத்த வரியை எழுதும்."

போட்டின் சத்தம் தூரப் போய் அடங்கியது. ஜெனிற்றா வந்து வெண்கட்டியை எடுத்தாள். எழுதிய விடை சரி.

ஆட்கள் தங்காத ஆசிரியர் விடுதியைக் கூட்டித் துடைத்து அன்று அங்கேயே தங்கினேன். பொழுதுபடப் புட்டும் மீன்குழம்பும் கொண்டு ஜெனிற்றாவின் தாய் வந்தார். "தன்னாலதான் போட்டை விட்டனீங்கள் எண்டு அழுதுகொண்டிருக்கிறாள்" என்றார். எனக்கும் கண் கலங்கியது. மறுகிழமையிலிருந்து திங்கள் போய் வெள்ளி திரும்புவது என்று வைத்துக்கொண்டேன்.

விடுதியில் தங்கியதற்கு அடுத்த நாள், கடைசிப் பாடம். பழக்கதோஷத்தில் ஒருத்தி "ரீச்சர், போட்..." என்று தொடங்கினாள்.

ஜெனிற்றா திரும்பிப் பார்த்தாள். "பேசாமல் இரடி. கணக்கு இன்னும் முடியேல்லை."

புதிதாக வரும் ஆசிரியர்கள் வகுப்பை அடக்குவது எப்படி என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். கைப்பையை வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.