பூசணிக்காயில் எழுதிய குற்றம்

ஐந்து மாதம் மகள் வீட்டில் பேரனைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பிய தையல்காரம்மா, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கொல்லைக் கதவைத் திறந்தாள். எலுமிச்சை மரத்தைக் காணோம். முழங்கால் உயரத்துக்குக் களை மண்டிக் கிடந்தது. விலக்கிப் பார்த்தால், ரம்பம் போட்டு அறுத்த மொட்டை அடிமரம். பக்கத்திலேயே கணவரின் ஸ்கூட்டர் உறை போட்டுக்கொண்டு சொகுசாக நின்றது. அதெல்லாம் கண்ணில் படுகிற நிலையில் அவள் இல்லை.

முதன்முதலில் தைத்துச் சம்பாதித்த காசில் வாங்கிய கன்று அது. ஏழு வருஷம் ஒரு பிஞ்சுகூடக் காட்டாமல் ஏமாற்றிவிட்டு, எட்டாவது வருஷம் காய்த்துக் கொட்டியது.

“யாருங்க வெட்டினது?”

கணவர் பஸ் கண்டக்டர். பஸ்ஸில் அவர் போடுகிற சத்தத்துக்கு டிரைவரே திரும்பிப் பார்ப்பார். வீட்டுக்குள் வந்தால் தொண்டை இறங்கிவிடும். “நான் டியூட்டிக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா இல்ல” என்றார், காலில் போட்டிருந்த செருப்பையே தேடிக்கொண்டு.

அவள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் கொழுந்தன் வீடு. கோழிக்கூண்டைச் சுற்றி வேலியாகச் செருகியிருந்தவை அத்தனையும் எலுமிச்சை முள்கிளைகள். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? “உங்க மரத்து முள்ளு என் துணியெல்லாம் கிழிக்குதுக்கா” என்று பத்து வருஷமாகப் புலம்பியவள்தானே இந்த ஓரகத்தி.

“ஏய் சின்னவளே, என் மரம் எங்கடி?”

கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த ஓரகத்தியின் கை அப்படியே நின்றது. அக்காளின் தோளுக்குப் பின்னால் நின்ற கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தாள். “எனக்குத் தெரியாதுக்கா.”

“உன் கோழிக்குத் தெரியுமா?”

“கேட்டுப் பாருங்க. என்னைவிட அதுங்க உங்களுக்கு நல்லாவே பதில் சொல்லும்.”

அன்றைக்குக் கறுவிக்கொண்டாள் தையல்காரம்மா. இவள் வாயாலேயே, நாலு பேர் முன்னால், வெட்டியது நான்தான் என்று சொல்ல வைக்க வேண்டும். அதுவரை இந்தப் பல்லைக் கடித்த வாய் சிரிக்காது.

மறுநாள் முதல் கொல்லையில் இறங்கினாள். களையை வேரோடு பிடுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஓரகத்தியின் முகம் இருந்தது. செங்கல் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்தாள். சுண்ணாம்புத்தூளில் கோடு போட்டு, இஞ்சு டேப்பை வைத்து அளந்து பாத்தி வெட்டினாள். தையலில் கால் இஞ்சு பிசகினாலும் பிரிக்கிறவள், பாத்தி கோணினால் விடுவாளா? கத்தரியும் வெண்டையும் கண்துடைப்புக்கு. மதிலோரம் ஊன்றிய பூசணி விதைதான் கருத்தெல்லாம். கொடியை ஏற்றி விட்டு அவள் வீட்டு வெயிலை அடைத்துவிட வேண்டும், துணி காயக் கூடாது. அவ்வளவுதான் முதல் திட்டம்.

கொடியைத் துணி ஓரக் கிழிசல்களால் மதிலில் கட்டினாள். அதிகாலையில் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவினாள். காய் பிடித்தது. அது தேங்காய் அளவு இருந்தபோது, ரவிக்கையில் செருகியிருந்த ஊசி குனியும்போது பட்டு இளந்தோலைக் கீறிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கீறல் ஆறித் தடித்துக் கயிறு மாதிரி புடைத்திருந்தது. காய் பெருக்கப் பெருக்க, அதுவும் பெருத்தது.

அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பெரிய ஊசியாக ஒன்று எடுத்து வந்து, மதில் மேல் உட்கார்ந்திருந்த இன்னொரு பிஞ்சில், அந்தப் பக்கத்து முகத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினாள். முந்திரிக்கொட்டை மாதிரி யாரும் முன்கூட்டிப் படித்துவிடாமல் காய்க்கு ஒரு சுருக்குப்பையும் தைத்துப் போட்டாள். மூன்று தடவை பை போதாமல் பெரிதாகத் தைக்க வேண்டியிருந்தது.

“பூசணிக்குக் கூடச் சட்டையா?” என்றாள் ஓரகத்தி மதிலுக்கு அப்பாலிருந்து.

“உன் கண்ணு பட்டுடும்ல, அதான்.”

கண்டக்டர் மட்டும் தினமும் விடிந்ததும் கொடிக்குத் தண்ணீர் விட்டார், கேட்காமலேயே. நம் கோபத்தில் பங்கெடுக்கிறார் மனுஷன் என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரண்டாவது காபியும் போட்டுக் கொடுத்தாள்.

ஓரகத்திக்குத் தபால் நிலையத்தில் பதவி உயர்வு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அலுவலகத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர் விருந்துக்கு வந்து, மதிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தையல்காரம்மா முக்காலியில் ஏறிச் சுருக்கை அவிழ்த்தாள்.

தபால்காரர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உரக்கவே படித்தார்: “‘மரத்தை வெட்டியது இந்த வீட்டுக்காரி.’ இது யாருக்கு வந்த லெட்டர்? ஸ்டாம்பையே காணோமே!”

எல்லாரும் சிரித்தார்கள். ஓரகத்தி சிரிக்கவில்லை. முகம் சிவக்க எழுந்து மதிலுக்கு வந்தாள். “மாமா! இங்க வாங்க. நீங்க சொல்றீங்களா, இல்ல நானே சொல்லட்டுமா?”

கண்டக்டர் ரப்பர் குழாயைப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. “ஸ்கூட்டர் உள்ள வர வழியில்ல. மரம் குறுக்க நின்னுது. உன்கிட்ட கேட்டா விடமாட்டியேன்னுதான்…”

“‘அவளுக்குத் தெரிஞ்சா என்னையும் சேத்து வெட்டிடுவா, வாயத் தொறக்காதம்மா’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாருக்கா. பாவமேன்னு இருந்தேன். கிளைய மறைக்க எடமில்லாம என் கோழிக்கு வேலி போட்டுக் குடுத்ததும் இவர்தான். நல்லா இருக்கு, எனக்குக் கெடச்ச பேரு!”

பன்னிரண்டு பேரும் இலையை விட்டுவிட்டு மதிலையே பார்த்தார்கள். தையல்காரம்மா முக்காலியிலிருந்து இறங்கினாள். நாலு மாதத்து ஆத்திரத்தைவிட, அந்த இரண்டாவது காபிகளை நினைத்துத்தான் அவளுக்கு வயிறெரிந்தது.

பூசணியை அறுத்தாள். எழுத்தில்லாத பாதியைத் தூக்கிக்கொண்டு ஓரகத்தி வீட்டு வாசலுக்குப் போனாள். “தப்பு என்னுதுதான் சின்னவளே. வந்தவங்ககிட்டயும் சொல்லிடறேன்” என்று சொல்லி, சொன்னபடியே சொன்னாள்.

“அந்தப் பாதி?” என்றாள் ஓரகத்தி.

“அது எனக்கு வேணும். எழுத்து எவ்வளவு பெருசா இருந்தாத் தூரத்துல நிக்கிறவனுக்குத் தெரியும்னு அளவு எடுக்கணும்.”

அன்று சாயந்திரம் தையல் மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. கண்டக்டர் ஸ்கூட்டரைத் தெருவுக்குத் தள்ளினார். அது நின்ற இடத்தில், இஞ்சு டேப் காட்டிய மூன்றடிக்கு மூன்றடி, புதுக் கன்றுக்குக் குழி வெட்டினார்.

மறுநாள் காலை தேய்த்த சீருடையை அவளே நீட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று அவர் அவசரமாகக் கையை நுழைத்துக்கொண்டு ஓடினார். முதல் நடையிலிருந்தே பஸ்ஸில் அவருக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. திரும்பினால் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கடைசி நடையில்தான் ஒரு பள்ளிக்கூடச் சிறுமி, எழுத்துக்கூட்டி, அவர் முதுகைச் சத்தமாகப் படித்தாள்: “எலுமிச்சை மரத்தை வெட்டியது நான்.”