நொண்ட மறந்த அக்கா

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கான முகாம் நடந்தது. அங்கே டாக்டர் இருந்த அறையின் வாசலில் டோக்கன் கொடுக்கும் தற்காலிக வேலை எனக்கு. அன்று தாடிக்கொம்பிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிய கொண்டை. சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் பலமிழந்திருந்தது. ஆனால் நடக்கும்போது அது தெரியாது. முந்தானைக்குள் கையை விட்டுத் தொடையை அழுத்திக்கொண்டே நடப்பார்.

"நடந்து காட்டுங்கம்மா" என்றார் டாக்டர். அக்கா நேராக நடந்தார்.

"கையை எடுத்துட்டு நடங்க."

மறுபடியும் நடந்தார். நாலாவது அடியில் கை தானாகத் தொடைக்குப் போய்விட்டது. வெளியே பெரிய கூட்டம் காத்திருந்தது. உதவித்தொகைக்கு இந்த ஊனம் போதாது என்று டாக்டர் எழுதிவிட்டார்.

"கொஞ்சம் நொண்டி நடந்திருக்கக் கூடாதாக்கா?" என்று வாசலில் கேட்டேன்.

"நொண்டினா மில்லுல சேக்க மாட்டாங்கன்னு பதினாறு வயசுல பழகுனது தம்பி. இப்ப மில்லையும் மூடிட்டாங்க. நொண்டுன்னா இந்தக் காலு கேக்க மாட்டேங்குது. அடுத்த முகாம் எப்ப?"

"ஆறு மாசம் ஆகும்க்கா."

"அதுக்குள்ள பழகிக்கிட்டு வாரேன்" என்றார். சிரிக்கவில்லை.

அடுத்த முகாமில் என்னை உள்ளே எழுத்து வேலைக்குப் போட்டிருந்தார்கள். மேல்பாதி மூடிய ஜன்னல் வழியே வரிசையில் வந்தவர்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அக்காவின் பெயரைக் கேட்டு வைக்காததால் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவே இல்லையா, நன்றாக நொண்டி நடந்து என் கண்ணுக்குத் தப்பிவிட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.