முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுத் தலைவி

ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் சாமை விதைத்தும் புளி உலுக்கியும் பிழைக்கும் கெங்கம்மாள், தான் எவ்வளவு பெரிய ஆள் என்பதை நாற்பத்தாறாவது வயதில்தான் தெரிந்துகொண்டாள். சொன்னது ஒரு மென்பொருள்.

சென்னை நிறுவனம் ஒன்று அனுப்பிய வெற்றிச்செல்வன், நலத்திட்ட விண்ணப்பங்களில் இருந்த போன் நம்பர்களையெல்லாம் கணினியில் ஏற்றி, யாருக்கு யாரோடு தொடர்பு என்று படம் போட்டிருந்தார். நடுவில் தட்டு அகலத்துக்கு ஒரு சிவப்பு வட்டம். முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. அதை எடுத்துவிட்டால் வலைப்பின்னல் முழுவதும் சிதறிவிடும் என்றது மென்பொருள். அந்த வட்டம்தான் கெங்கம்மாள். மலைமக்களின் மனத்தை மாற்றவல்ல தலைவி என்று அறிக்கையும் எழுதி முடித்தாயிற்று. அவளை நேரில் பார்க்கலாமே என்ற யோசனை அதற்குப் பிறகு வந்தது.

அவர் கொண்டுவந்து காட்டிய படத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். தன் பேச்சைத் தன் ஆடுகளே கேட்பதில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

"தலைவியெல்லாம் இல்லீங்க சார். எங்க வூட்டாண்டதான் டவர் கெடைக்குது. அதான் எல்லாரும் என் நம்பரையே எழுதிட்டாங்க. ஓடிபி வந்தா கூப்ட்டு சொல்வேன், அவ்ளோதான்."

வெற்றிச்செல்வன் நெகிழ்ந்துபோனார். "பெரிய தலைவருங்க இப்படித்தாம்மா பணிவா பேசுவாங்க," என்றார்.

வேலூரில் ஐந்து நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாசலிலேயே போனை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். ஏசியில் நடுங்கியபடி அவள் வண்ணக் காகிதம் ஒட்டினாள். மக்களோடு தொடர்பில் இருப்பது எப்படி என்று ஒருவர் மூன்று மணி நேரம் பேசினார். அந்த நேரத்தில் மலையில் கேஸ் சிலிண்டர் பதிவு, கல்வி உதவித்தொகை, பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாளின் முதியோர் பென்ஷன் எல்லாம் ஓடிபிக்காகக் காத்துக் கிடந்தன.

திரும்பி வந்தபோது வீட்டு முன்னால் பாதி ஊர் நின்றிருந்தது. யாரும் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகக் குத்தியது. சுந்தரம்மாள் மட்டும் சொன்னாள்: "அடுத்த தபா தலைவியாப் போனா போ. போனை வெச்சிட்டுப் போ."

இரண்டாவது பயிற்சிக்குப் போனைச் சுந்தரம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஐந்து நாளும் நன்றாகச் சாப்பிட்டாள், பின்வரிசையில் நன்றாகத் தூங்கினாள். மலையில் எந்த வேலையும் நிற்கவில்லை. முதல் பயிற்சியைவிட இது பெரும் வெற்றி என்றும், தலைவி ஊரில் இல்லாதபோதும் அவர் செல்வாக்கு சற்றும் குறையவில்லை என்றும் புதிய அறிக்கை சொன்னது.