அடுப்புக்குப் போன அளவுத் திட்டு

காவாந்தண்டலத்துப் பாக்கியமேரிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. மணமான ஆண்டிலிருந்தே கணவரோடு செங்கல் சூளைக்குப் போனவர். சூளை ஓய்ந்திருக்கும் மாதங்களில் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குவார்கள். தை பிறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய், ஆறு மாதம் கல் அறுத்து அதைக் கழிப்பார்கள். இருபதாண்டுகளுக்கு மேல் அப்படியே போயின.

நூறு நாள் வேலை ஊருக்கு வந்த பிறகுதான் அவர் முன்பணத்தை மறுக்கத் துணிந்தார். அரசு செலவிட்ட பணத்தால் அவருக்கு விளைந்த நன்மை இதுவே: “வரமாட்டேன்” என்று ஒருவரிடம் சொல்ல முடிந்தது. கணவர் இறந்த பின்னும் சொல்லிவந்தார். அண்மைக் காலமாக வேலை நாள்கள் குறைந்தன. சென்ற ஆண்டு கிடைத்தவை முப்பத்தொன்று.

இவ்வாண்டு ஆடியில், ஏரிக்கால்வாய் தூர்வாரும் வேலை ஒரு வாரம் கிடைத்தது. அதே வாரம் மேஸ்திரி வீராசாமியும் வந்தார்.

“இன்னா மேரி, இந்த வருசமாச்சும் சூளைக்கு வரியா?”

“வெள்ளிக்கெயம அளவெடுக்கறாங்க. முழுக் கூலி விழுந்தா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்.”

“சரி, அன்னிக்கி மூஞ்சிய நல்லா கழுவிக்கினு வரேன்.”

தோண்டும் குழியின் நடுவே ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டுவைப்பது வழக்கம். பழைய மட்டத்தை அது காட்டும். அதன் உச்சியிலிருந்து ஆழம் அளந்து கூலியைக் கணக்கிடுவார்கள். பாக்கியமேரி முட்டி வலியோடு தம் பங்கை வெட்டி முடித்தார். குழுவிலேயே மூத்தவரான கோவிந்தம்மாளின் பங்கிலும் பாதியை வெட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் திட்டைக் காணவில்லை.

“நான்தான் எடுத்துக்கினேன்,” என்றார் கோவிந்தம்மாள். “ஞாயித்துக்கெயம அம்மனுக்குக் கூழு ஊத்தணும், புது அடுப்பு போடணும். மண்ணு நல்லா களியா இருந்துச்சி. எல்லாத்தையும் வெட்டியாச்சே, இது ஒண்ணுதான மிச்சம்னு…”

“ஐயோ ஆயா, அதுதான நம்ம கூலியே!” என்று தலையில் கைவைத்தார் பணித்தளப் பொறுப்பாளர் சசிரேகா.

அளவெடுக்க வந்த பொறியாளர் வேறு வழியின்றிக் கரையோர மட்டத்தைக் கொண்டு கணக்கிட்டார். அங்கே நிலம் தாழ்வு; வெட்டிய ஆழம் குறைவாகத் தெரிந்தது. கூலி பாதியாயிற்று.

கோவிந்தம்மாள் அழுதார். “என் பங்க நீ எடுத்துக்கோ மேரி.”

“அத வச்சி உன் அம்மன் கூழுக்குக் கேவுரு வாங்கு. போ யக்கா.”

மாலையில் வீராசாமி வந்தார். பாக்கியமேரியே முதலில் கேட்டார்: “இந்த வாட்டி எந்தூரு சூளை? கல்லு அறுக்க முட்டி மடங்காது. காஞ்ச கல்ல அடுக்கற வேலையா குடு.”

வீராசாமி முன்பணத்தை எண்ணி நீட்டினார். பாக்கியமேரி வாங்கிக்கொண்டார்.

ஞாயிறன்று பாக்கியமேரி தேவாலயத்திலிருந்து வீடு திரும்பியபோது, கோவிந்தம்மாள் ஒரு சொம்புக் கூழோடு வாசலில் நின்றிருந்தார். பாக்கியமேரி நின்றபடியே குடித்தார்.

“அடுப்பு வெடிக்காம நின்னுச்சா?” என்று மட்டும் கேட்டார்.